திங்கட்கிழமையும் இறங்காத பந்து

மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஷிரானே என்கிற ஜப்பானிய ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டையில் பட்டு மேலே போன பந்து, திங்கட்கிழமை விடிந்தும் கீழே வரவில்லை. போனது வரத்தானே வேண்டும் என்று ஊர் காத்திருந்தது. மத்தியானம் சாயங்காலம் ஆயிற்று, சாயங்காலம் இருட்டாயிற்று, இருட்டு வெளுத்தது, பந்து மட்டும் மேலேயே இருந்தது, அதற்காக அந்த ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. பிளந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வேதகிரி, திருக்கழுக்குன்றத்துக்காரன். பிசியோதெரபி படித்துவிட்டு, செங்கல்பட்டில் கொஞ்ச நாள் வயசானவர்களின் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவனை, விதி தூக்கிக்கொண்டுபோய் ஷிரானே ஊரின் பேஸ்பால் அணியில் போட்டது. அணிக்குப் பெயர் கொக்குகள். மீனை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று அந்த அணியை நடத்தியது, அதனால் மைதானம் முழுக்க மீன் வாசனை அடிக்கும். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குப் பங்காளி. பங்காளிகளுக்குள் இருக்கிற எல்லா ஒற்றுமையும் எல்லா வம்பும் அதிலும் உண்டு என்று புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிக்கொள்ள, அவனைக் கைத்தாங்கலாக அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், படம் பிடித்து, கட்டுப் போட்டு, திரும்பி வந்து அறையில் விழுந்தவன் ஆட்டம் என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் திங்கள், எங்களுக்கு லீவு. அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் மைதானத்துக் கதவுகூடத் தூங்கும். நான் தாமதமாக எழுந்து, துணி துவைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளியில் ஒரு ரசம் வைத்து, என் மகள் மகிழினி ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து வீடியோவில் அவள் முகத்தைப் பார்ப்பேன். வாரம் முழுக்க அந்த ஒரு வேளைக்காகத்தான் ஓடும்.

அன்றைக்கும் ரசத்தை வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள முட்டை வாங்கலாம் என்று யோனெசாவா அக்காவின் நூடுல்ஸ் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் சலூன் பூட்டியிருந்தது, மீன் மார்க்கெட் ஈயாடியது, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினால், மொத்த ஊரும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. அக்கா அடுப்பையும் அண்டாவையும் அங்கேயே கொண்டுவந்து போட்டு நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா விசேஷம்?" என்றேன் எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில். அவர்கள் பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே சொல்கிறேன், அதுதான் எனக்கு வரும். என்னை அவர்கள் வேதாசான் என்பார்கள், சான் என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது.

"நேத்து ஆட்டம் இன்னும் முடியல, வேதாசான். பந்து வரல."

"எங்கேருந்து வரல?"

அக்கா கரண்டியால் மேலே காட்டினார். இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்கிறவர் முகத்தில்கூட இன்னும் கொஞ்சம் கவலை இருக்கும். நான் அண்ணாந்து பார்த்தேன். பகல் நிலா மாதிரி, நிலாவைவிட ரொம்பச் சின்னதாக, வெள்ளையாக ஒரு புள்ளி வானத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் இருந்த பை நழுவி விழுந்தது, அது மட்டும் ஒழுங்காக விழுந்தது.

நடந்தது இதுதான். கடைசிச் சுற்றில் நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் இருக்கிறோம். எதிராளிகளில் இன்னும் ஒருவனை வெளியேற்றினால் ஆட்டம் நமக்கு, ஒரு தலைமுறைக்குப் பிறகு கோப்பைச் சுற்றும் நமக்கு. அவர்களுடைய கடைசி மட்டைக்காரன் ஓங்கி அடித்தான், பந்து நெட்டுக்குத்தாக மேலே போனது. ஓடிக்கொண்டிருந்த எதிராளிகள் எல்லாரும் சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். பந்து நம் ஆள் கையில் விழுந்தால் அந்த ஓட்டமெல்லாம் செல்லாது, நாம் ஜெயித்தோம். தரையில் விழுந்தால் அத்தனையும் செல்லும், நாம் தோற்றோம். எந்தப் பக்கமும் விழாமல் அது மேலேயே நின்றுவிட்டது. நடுவர் ஹத்தோரி ஐயா வாரநாளில் தபால்காரர், எழுதி வைத்த விதியை விட்டு ஓர் அடி நகராதவர். "பந்து மேல இருக்கிறவரைக்கும் ஆட்டம் நடக்குது" என்று சொல்லி, தபால் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்; ஊர் ஜனங்கள் வரிசையில் வந்து அவரவர் கடுதாசியை அங்கேயே வாங்கிப் போனார்கள்.

அப்படித்தான் அந்த ஊர் அதை மென்று விழுங்கியது. கோயில் சாமியார் வந்து பந்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தொழிற்சாலைக்காரர்கள் மீன் வெட்டுகிற பெண்களை முறைவைத்து அனுப்பி அண்ணாந்து பார்க்க வைத்தார்கள், கழுத்து வலித்தால் மாற்றாள் வருவாள். எதிர் அணிக்காரர்கள் தங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து சீட்டாடிச் சலித்து, விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள், அவர்களில் ஒருவனுக்கு அக்காவின் நாத்தனார் மகளைப் பேசி முடித்தாகிவிட்டது. இத்தனையும் ஒரே ஒரு ராத்திரிக்குள்! எங்கள் ஊராக இருந்தால் பந்துக்கு ஒரு கட்சி, பந்து இல்லை என்பதற்கு ஒரு கட்சி என்று பிரிந்து இதற்குள் நான்கு மண்டை உடைந்திருக்கும். இவர்களானால் வானத்திலிருந்து பந்து வராததைப் பஸ் வராததுபோல எடுத்துக்கொண்டார்களே!

பிறகுதான் அவனைப் பார்த்தேன்.

மைதானத்தின் கடைக்கோடியில், புல்லுக்கு நடுவில், இடது கையில் பந்து பிடிக்கிற தோல் உறையை மாட்டி, அந்தக் கையை வானத்துக்குத் தூக்கி விரித்தபடி, இசோகாவா நின்றுகொண்டிருந்தான். பந்து போன கணத்தில் தூக்கிய கை. இறக்கவே இல்லை. சலூன்காரர் அங்கேயே வந்து அவனுக்குச் சவரம் செய்துவிட்டிருந்தார், அக்கா அங்கேயே நூடுல்ஸ் ஊட்டிவிட்டிருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவன் நிழலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டு, நிழல் நகர நகர நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இசோகாவா எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதன். அவன் இடது தோளை எனக்கு என் தோளைவிட நன்றாகத் தெரியும். கிழிந்த தசையைத் தைத்த தோள் அது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவனுக்கும் அவன் மனைவிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது, மகள் கோஹாரு தாயோடு இருக்கிறாள், ஒன்றாம் வகுப்பு. மாதக் கடைசித் திங்களன்று மட்டும், பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு, மத்தியான ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போய்விடுவாள். மாதத்துக்கு அவனுக்கு வாய்த்த மகள் அவ்வளவுதான். அன்றைக்கு மாதக் கடைசித் திங்கள். அன்றைக்கு அவளுக்குச் சைக்கிள் கற்றுத்தருவதாகச் சத்தியம் செய்திருந்தான், சிவப்புச் சைக்கிள் வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அறையில் நிறுத்தி வைத்திருந்தான்.

"எங்கே பிடிச்சுக்கணும், வேதாசான்? ஹேண்டில் பாரையா, சீட்டையா?" என்று முந்தின வாரம் முழுக்க என்னைத் துளைத்து எடுத்திருந்தான். சீட்டுக்கு அடியில் என்று சொல்லியிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், போனில் பார்த்திருக்கிறேன். என் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் என் மச்சான். அவன் ஓடினான், அவள் ஓட்டினாள், நான் இங்கே அறையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

நேராக மேனேஜர் குரோதாவிடம் போனேன். "கையை இறக்கச் சொல்லுங்க சார். சாயங்காலம் வரைக்கும் இப்படி நின்னா தோள் திரும்ப ஒட்டாது. பந்தை மட்டுமில்ல, சோத்துக் கிண்ணத்தைக்கூட அந்தக் கையால எடுக்க முடியாது."

குரோதா தொப்பியைக் கழற்றி எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். "உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி" என்றார். அவ்வளவுதான்! அந்த ஊரில் நன்றி சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இசோகாவாவிடம் ஓடினேன். அவன் உதடு வெடித்திருந்தது, கண் மட்டும் மேலேயே இருந்தது.

"பைத்தியமாடா உனக்கு? இறக்குடா கையை!"

"இறக்கினா வந்துடும், வேதாசான். அதுக்குத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு."

"வந்தா வரட்டும்! இன்னிக்கு லீவு!"

"ஆட்டம் முடிஞ்சாத்தானே லீவு?"

"கோஹாரு வர்றாளே, அவளுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

கண் அப்போதும் இறங்கவில்லை. "ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு" என்றான்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆனால் வைத்தியன் அழுதால் யாருக்கு லாபம்? அறைக்கு ஓடித் தைலப் புட்டியை எடுத்து வந்து, ஒரு கையால் அவன் தோளில் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் முழங்கைக்குக் கீழே தூணாக முட்டுக்கொடுத்து நின்றேன். இசோகாவா என்னைவிட ஒரு முழம் உயரம், அதனால் என் கையும் தலைக்கு மேலே நட்டுக்கொண்டு நின்றது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு தபசி கையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பான், அந்தப் பாறையிலேயே கொஞ்சம் கீழே ஒரு பூனையும் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் அந்தப் பூனையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பூனை நான்தான்.

நான் மட்டுமல்ல. பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாக எழும்பும்போல. வெயில் ஏற ஏற, வேலிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார், பிறகு மீன் வெட்டும் பெண்கள் தூக்கினார்கள், பிறகு சலூன்காரர், சாமியார், சீட்டாடிய எதிராளிகள், நூடுல்ஸ் கரண்டியோடு யோனெசாவா அக்கா என்று ஊரே இடது கையைத் தூக்கிக்கொண்டு, மூச்சுக்காட்டாமல், நாற்று நட்ட வயல்போல நின்றது. ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை, ஒருவரும் ஏனென்று கேட்கவும் இல்லை. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகிழினி. ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம். ஒரு கை தைலத்தில், ஒரு கை முட்டில். அதிர்ந்தது, அதிர்ந்தது, ஓய்ந்துவிட்டது.

மத்தியான ரயில் வந்தது. கோஹாருவின் தாய் அவளை மைதானத்துக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள், ஊரையும் வானத்தையும் ஒரு தடவை பார்த்தாள், பழைய புருஷனைப் பார்த்தாள், இவன் மாறவே மாட்டான் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு ரயிலடிக்கே திரும்பிப் போய்விட்டாள். குழந்தை மஞ்சள் ஹெல்மெட் மாட்டியிருந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சிவப்புச் சைக்கிளைக் கொண்டுவந்து உறையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஊருக்கு ஈரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். "நான் பிடிச்சுக்கிறேன் கண்ணு" என்று அக்கா தூக்கிய கையை இறக்காமலே மற்ற கையை நீட்டிக்கொண்டு வந்தார். சலூன்காரர் வந்தார், குரோதாவே வந்தார்.

கோஹாரு ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள், ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னாள். "அப்பா பிடிச்சுப்பாரு."

"அப்பா வேலையா இருக்காரும்மா."

"இன்னிக்குத் திங்கட்கிழமை" என்றாள்.

பிறகு வேலியோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். மத்தியானம் நகர்ந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நிழல் நீண்டது. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சைக்கிள் மணியை ஒரு தடவை அடிப்பாள், அப்பாவைப் பார்ப்பாள், மறுபடி அடிப்பாள். என் கைக்குமேல் இருந்த அவன் முழங்கை ஒவ்வொரு மணிக்கும் வெட்டியது. பாவிப்பயல், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்கால ரயிலுக்கு நேரம் நெருங்கியபோது அவள் எழுந்தாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: மைதானத்துக்குள் கால் வைக்கும் எவனும், உலக சாம்பியனே ஆனாலும், கோட்டருகில் நின்று தொப்பியைக் கழற்றி மண்ணைக் கும்பிட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்; கும்பிட்டவனைத் தடுக்க எவனுக்கும் உரிமை கிடையாது. கோஹாரு ஹெல்மெட்டைக் கழற்றினாள், இடுப்பு வரைக்கும் குனிந்து மண்ணைக் கும்பிட்டாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளினாள். நடுவர் ஹத்தோரி ஐயா வாயைத் திறந்தார். விதியை நினைத்துப் பார்த்திருப்பார், மூடிக்கொண்டார்.

அவள் ஏறினாள். ஒரு மிதி மிதித்தாள். சைக்கிள் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே எப்படியோ ஓடியது, புல்மேட்டின் சரிவு அதை இழுத்துக்கொள்ள, வேகம் பிடித்து, "அப்பா, அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு எங்களை நோக்கி நேராக வந்தாள். எங்களுக்குப் பத்தடி முன்னால் ஹேண்டில் பார் மடங்கியது.

முழங்கைக்குக் கீழே முட்டுக்கொடுத்திருந்த என் கையில் சட்டென்று பாரம் இல்லை. இசோகாவா கையை இறக்கிவிட்டான். தோல் உறையை உதறி எறிந்துவிட்டுப் பாய்ந்து, ஒரு கையால் சீட்டுக்கு அடியில், நான் சொன்ன இடத்தில், சரியாகப் பிடித்தான். இன்னொரு கையால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பந்து. புல்லில் ஒரு குதி குதித்து, இரண்டு குதி குதித்து, எதுவும் நடக்காததுபோல உருண்டு நின்றது.

அப்போதுதான் அந்த ஊர் அதிர்ந்தது. பந்து ஒரு நாள் முழுக்க ஆகாயத்தில் நின்றதற்கு அதிராத ஊர், ஒருவன் ஊரே பார்த்திருக்கக் கையை இறக்கிப் பெற்ற பிள்ளையைப் பிடித்ததற்கு அதிர்ந்தது. அக்காவின் கரண்டி கைநழுவி அண்டாவுக்குள் போயிற்று. மீன் வெட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குரோதா பேயறைந்தவர்போல அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த எதிராளிகள்கூடக் கத்தவில்லை. காலையிலிருந்து அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்திருந்த நான் ஒருவன்தான் அந்த நேரத்தில் அதிரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"விழுந்தது" என்றார் ஹத்தோரி ஐயா. குரல் உடைந்திருந்தது. "ஆட்டம் முடிந்தது."

இசோகாவாவுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. சீட்டைப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போய் அவளுக்குத் தெரியாமல் கையை எடுத்தான். அவள் போய்க்கொண்டே இருந்தாள், புல் முடியும்வரை, கோடு முடியும்வரை, ரயிலடிப் பாதை வரைக்கும். அவன் வெறுங்கையோடு பின்னாலேயே ஓடினான்.

அடுத்த பருவத்துக்கு அணியில் அவன் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் அவனைத் திட்டவில்லை, நன்றி சொன்னார்கள். அவன் கோஹாரு இருக்கிற ஊருக்கே போய், ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் ஷிரானே அதையும் மென்று விழுங்கிவிட்டது. இப்போதெல்லாம் திங்கட்கிழமைகளில் மைதானத்துக் கதவு திறந்து கிடக்கிறது, பிள்ளைகள் மண்ணைக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டுகிறார்கள், என்றைக்கும் அப்படித்தான் இருந்தது என்று அக்கா சாதிக்கிறார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் அறைக்கு வந்தேன். ஆறிப்போன ரசத்தைச் சூடு பண்ணலாம் என்று நினைக்கும்போதே போன் அடித்தது. வலது கையால் எடுத்தேன். திரையில் மகிழினி, ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"காலைல ஏம்ப்பா எடுக்கல? எவ்ளோ நேரம் அடிச்சேன் தெரியுமா? வேன்காரரு ஹாரன் அடிச்சு, அம்மா திட்டி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் கையத் தூக்கினு இருக்க?"

திரையின் மூலையில் தெரிந்த என்னை நானே பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. இடது கை தலைக்கு மேலே, முழங்கை நட்டுக்கொண்டு, விரல் விரிந்து, அப்படியே இருந்தது. தாங்குவதற்கு மேலே யாருமில்லை. மைதானத்திலிருந்து தெருவழியாக, படியேறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, இவ்வளவு தூரம் அப்படியே வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்குத்தான் தூக்கினேனா, இந்த நாட்டுக்கு வந்த அன்றைக்கே தூக்கினேனா என்றும் தெரியவில்லை. இறக்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

மகிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க கிளாஸ்ல வீட்டுக்குப் போவணும்னா இப்டித்தான் தூக்குவோம், மிஸ்ஸு போன்னு சொல்ற வரைக்கும் இறக்கக்கூடாது" என்றாள். "நீ யாருகிட்டப்பா கேக்குற?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் கை கீழே வந்துவிட்டது.